பொன்வண்ணம் பூசிய 1867ஆம் ஆண்டு பேஸ்பால் வெற்றிப் பந்து: எப்படிச் சரிபார்ப்பது, வாங்கலாமா?

ஹட்சன்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகப் பேஸ்பால் அட்டைகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை, சேர்த்து வருகிறேன். கோப்பை, பதக்கம், வெற்றிப் பந்து போன்றவற்றில் இதுவரை கைவைத்ததில்லை. அடுத்த மாதம் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு சிறிய ஏல நிறுவனம், ஒரு பழைய வீட்டின் பொருள்களோடு சேர்த்து, 1867 என்று தேதியிட்ட ஒரு பந்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருகிறது. பந்து முழுவதும் பொன்வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. அதன் மேல் கறுப்பு எழுத்தில் இரண்டு கிளப்புகளின் பெயர்களும், ஆட்டம் நடந்த நாளும், இரு பக்கத்தாரும் எடுத்த ரன்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஏலம் முடியும்வரை கிளப்புகளின் பெயர்களை இங்கே எழுதாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை என்பது ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டு, அவற்றில் எஞ்சியது. இந்தப் பந்தோ, அந்த ஒரு பிற்பகலில், அந்த ஒரு மைதானத்தில் அடிபட்ட ஒரே பந்து. படத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால், ஆசைப்பட்டு ஏமாறக் கூடாது என்ற அச்சமும் இருக்கிறது. அட்டைகளுக்குத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. பந்துக்கு எதை நம்புவது? பழகியவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

---

தோல்பந்து எழுதியது:

ஹட்சன்கரை ஐயா, நல்ல கேள்வியை நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஏலத்துக்குப் பிறகு கேட்பவர்களே அதிகம்.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சரிபார்ப்பதற்கான வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1857இல் நியூயார்க் வட்டாரக் கிளப்புகள் கூடி அமைத்த தேசியச் சங்கத்தின் விதிகளின்படி, ஆட்டத்துக்கு அழைப்பு விடுத்த கிளப்பே பந்தைக் கொண்டுவர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பந்து வெற்றியின் அடையாளமாக வென்ற கிளப்பின் உடைமையாகிவிடும். அன்று வழக்கமான கிளப் ஆட்டங்களுக்குக் கோப்பையும் இல்லை, பரிசுத் தொகையும் இல்லை. தோற்ற அணியின் தலைவர் வென்ற அணியின் தலைவரிடம் பந்தை ஒப்படைப்பது ஒரு சடங்காகவே நடந்தது. வென்றவர்கள் அதை எடுத்துச் சென்று, பொன்வண்ணம் பூசி, நாளையும் ரன்களையும் எழுதி, கிளப் அறையின் கண்ணாடிப் பேழையில் வரிசையாக வைத்தார்கள். புரூக்ளினின் அட்லாண்டிக், நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் போன்ற கிளப்புகளின் பெருமை முழுவதும் அந்தப் பேழைகளில்தான் இருந்தது. 1871க்குப் பிறகு தொழில்முறை லீக் ஆட்டங்கள் தலையெடுத்தபோது வழக்கம் மெல்லத் தேய்ந்தது, கிளப்புகள் கலைந்தன, பந்துகள் உறுப்பினர்களின் வீட்டுப் பரண்களுக்குப் போயின. உங்கள் பந்து ஒரு பழைய வீட்டிலிருந்து வருகிறது என்பது இந்த வரலாற்றோடு பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

இனி, கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. தையலைப் பாருங்கள். இன்றைய பந்தில் 8 என்ற இலக்கத்தின் வடிவில் வெட்டிய இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தழுவியிருக்கும். 1860களின் பந்துகள் பலவும் ஒரே தோல்துண்டில் நான்கு இதழ்களாக வெட்டி, மடித்து, ஒரு பக்கத்தில் குறுக்குச் சிலுவையாகச் சந்திக்கும்படி தைக்கப்பட்டவை. எலுமிச்சைத் தோலைக் கீறி உரித்தது போல இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதை எலுமிச்சைத் தோல் பந்து என்றே சொல்கிறார்கள். அடுத்து அளவு. 1872இல்தான் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம், எடை 5 முதல் 5¼ அவுன்ஸ் என்று நிலைபெற்றது. இன்றும் அதுதான் விதி. அதற்கு முந்தைய பந்துகள் பொதுவாகச் சற்றுப் பெரியவை. துணி அளவுநாடா ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது: வண்ணமும் வெடிப்பும். நூற்றைம்பது ஆண்டுகளில் தோல் சுருங்கி, மேலே பூசிய வண்ணம் நுண்ணிய வலை போல வெடித்திருக்கும். கறுப்பு எழுத்து அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டிருந்தால், வெடிப்பு எழுத்தையும் அறுத்துக்கொண்டு போகும்; எழுத்தின் விளிம்பு வெடிப்பின் இரு கரையிலும் நேராகத் தொடரும். வெடித்த பிறகு யாரேனும் எழுதியிருந்தால், கறுப்பு மை வெடிப்புக்குள் இறங்கி, பள்ளத்தின் அடியில் தேங்கியிருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொன்வண்ணத்தின் நிறத்தையும் பாருங்கள். அன்று வெண்கலப் பொடியைக் குழைத்துப் பூசியிருந்தால், செம்பு கலந்த அந்தப் பொடி காலப்போக்கில் பழுப்பாக மங்கியிருக்கும். பளபளவென்று மின்னினால் அது பொன்தகடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னாளில் பூசியதாக இருக்க வேண்டும்.

புற ஊதா விளக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தையல் நூல் நீலவெண்மையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்த நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அல்ல. பழைய அரக்கு வார்னிஷ் இருந்தால் ஆரஞ்சு சாயலில் மங்கலாக ஒளிரும். அது அஞ்ச வேண்டியதில்லை.

---

வெள்ளிமுத்திரை எழுதியது:

தோல்பந்து ஐயா சொன்னதற்குப் பிறகு பந்தைப் பற்றி நான் சேர்க்க அதிகமில்லை. நான் வெள்ளிக் கோப்பைகளைப் படிப்பவள். ஆனால் ஹட்சன்கரை அவர்கள் அந்தப் பந்தை எவ்வளவு மதிக்க வேண்டும் என்பதை, கோப்பைகளுக்கு நேர்ந்த கதியைச் சொல்லித்தான் விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

1887இல் ஹெலன் டவ்ரே என்ற நாடக நடிகை, அன்றைய இரு பெரிய தொழில்முறை லீக்குகளான நேஷனல் லீக்கின் முதலிடத்தாருக்கும் அமெரிக்கன் அசோசியேஷனின் முதலிடத்தாருக்கும் இடையே நடக்கும் தொடருக்காக ஒரு வெள்ளிக் கோப்பையை வழங்கினார். கோர்ஹாம் நிறுவனம் செய்த கோப்பை அது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் நியூயார்க் ஜயண்ட்ஸ் வீரரும், வீரர்களின் முதல் தொழிற்சங்கத்தைத் தொடங்கியவருமான ஜான் மாண்ட்கோமரி வார்டை மணந்தார். முதல் ஆண்டு டெட்ராய்ட் வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஜயண்ட்ஸ் வென்றது. மூன்று முறை வெல்லும் கிளப் கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின்படி, 1893இல் அது பாஸ்டனுக்குப் போனது. அதற்குப் பிறகு அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த விளையாட்டின் முதல் பெரிய கோப்பை அது. நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். ஒரு சுவடும் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த டெம்பிள் கோப்பையைக் கூப்பர்ஸ்டவுனில், பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமில், இன்றும் பார்க்கலாம். பிட்ஸ்பர்க் தொழிலதிபர் வில்லியம் டெம்பிள் 800 டாலர் செலவில் செய்வித்தது. 1894 முதல் 1897 வரை நான்கே ஆண்டுகள், லீக்கில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற அணிகள் அதற்காக மோதின. நியூயார்க், கிளீவ்லாந்து, பிறகு இரண்டு முறை பால்டிமோர். மூன்று முறை எந்தக் கிளப்பும் வெல்லாததால் அது யாருக்கும் நிரந்தரமாகவில்லை. வெற்றி தோல்வி பாராமல் வசூலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாக வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வெளியே தெரிந்து தொடரின் மதிப்பும் குறைந்து, போட்டியே நின்றது. 1900இல் ஒரே ஒரு முறை நடந்த தொடருக்குப் பிட்ஸ்பர்க் நாளிதழ் ஒன்று வழங்கிய கிரானிக்கிள் டெலிகிராஃப் கோப்பையும் கூப்பர்ஸ்டவுனில்தான் இருக்கிறது. புரூக்ளின் மூன்றுக்கு ஒன்று என்று வென்றது.

இவற்றில் வெள்ளியின் எடைக்கு எப்போதும் ஒரு விலை இருந்தது. வறுமை வந்தால், வாரிசுகளுக்கு அக்கறையில்லை என்றால், கோப்பை நேராக உருக்குபவரிடம் போகும். தோல்பந்தை உருக்க முடியாது. விற்றால் அன்று ஒரு வேளை உணவுக்குக்கூடக் காசு வராது. அதனால்தான் அது பரணில் கிடந்தது, தப்பியது. உங்கள் பந்தில் விலைமதிப்புள்ள பொருள் எதுவுமே இல்லாததுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

யாரேனும் வெள்ளிக் கோப்பை வாங்க நினைத்தால் ஒன்றிரண்டு குறிப்புகள். கோர்ஹாம் பொருளின் அடியில் சிங்கம், நங்கூரம், பழைய பாணி ஆங்கில எழுத்தான ஜி ஆகிய மூன்றும் இருக்கும். 1868 முதல் ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தும், 1885 முதல் ஒரு சிறு உருவமும் பொறித்தார்கள். கோப்பையின் மேலே 1880 என்று பொறித்திருந்து, அடியில் உள்ள ஆண்டுக்குறி அதற்குப் பிந்தையதாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. சிற்றூர் கிளப்புகளின் கோப்பைகளில் பெரும்பாலானவை வெள்ளி முலாம் பூசியவை. நான்கு மடங்கு முலாம் என்று அடியிலேயே பொறித்திருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஏமாற்று இருப்பது எழுத்தில். அன்றைய வெற்றுக் கோப்பை ஒன்றை வாங்கி, புதிதாகப் பேஸ்பால் வாசகத்தைப் பொறித்து விற்பவர்கள் உண்டு. சிறிது பஞ்சை எடுத்து எழுத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூறு ஆண்டுகளாகத் துடைக்கப்பட்ட எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும், பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக வெட்டிய எழுத்தில் பஞ்சின் இழைகள் சிக்கி நிற்கும். அத்தகைய கோப்பையைத் தயவுசெய்து பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். ஒவ்வொரு துடைப்பிலும் எழுத்து கொஞ்சம் போகிறது.

---

மூன்றாம் தளம் எழுதியது:

நான் இந்தத் துறைக்குப் புதியவன். ஒன்று புரியவில்லை, பெரியவர்கள் விளக்க வேண்டும். 2024இல், பேஸ்பாலின் மாபெரும் வீரர் பேப் ரூத் 1932 வேர்ல்ட் சீரிஸில் (ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) அணிந்த ஜெர்சி 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு விற்றது. 2022இல் மிக்கி மேண்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை 1 கோடியே 26 லட்சத்துக்கும், ஹோனஸ் வாக்னரின் அட்டை 72 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் போயின. வாக்னர் அட்டையில் ஐம்பது, அறுபது பிரதிகளாவது இருப்பதாகச் சொல்கிறார்கள். உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் இந்தப் பந்து அந்த விலையில் நூறில் ஒரு பங்குகூடப் போகாது என்று நினைக்கிறேன். அரியது என்பதற்கு மதிப்பு இல்லையா?

---

பழைய தாள் எழுதியது:

மூன்றாம் தளம் தம்பி, அரியதாக இருப்பது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு பொருளை விரும்புவோர் எத்தனை பேர் என்பதும், அந்தப் பொருள் சொல்லும் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. ரூத்தின் பெயர் பேஸ்பால் பார்த்தே இராதவர்களுக்கும் தெரியும். 1923இல் ரூத்தின் அணியான நியூயார்க் யாங்கீஸ் முதல்முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது வீரர்களுக்கு மோதிரம் தரவில்லை, சட்டைப்பைக் கடிகாரம் தந்தார்கள். ரூத் அதைத் தன் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். 2014இல் அது 7,17,000 டாலருக்கு ஏலம் போனது. அதே கடிகாரம் மாற்று ஆட்டக்காரர் ஒருவருடையதாக இருந்தால், பொருள் ஒன்றுதான், விலை வேறு. 1927ஆம் ஆண்டின் ரூத் மோதிரம் 2017இல் 20 லட்சம் டாலரைத் தாண்டியதும் அதனால்தான். எனவே ஹட்சன்கரை அவர்களே, விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தோடு 1867ஆம் ஆண்டுக் கிளப் பந்தை வாங்காதீர்கள். வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. தோல்பந்து ஐயா பொருளைப் பார்க்கச் சொன்னார். நான் தாளைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி இன்று உங்கள் முன் வந்திருக்கிறது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், அந்தப் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நாம் நிதானிக்க வேண்டும்.

சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அதுவே போதாது. 1990களில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை ஆபரேஷன் புல்பென் என்ற பெயரில் கையொப்பப் போலிகளைத் துருவியபோது, போலிக் கையொப்பத்தோடு போலிச் சான்றிதழையும் சேர்த்தே விற்றிருந்தது வெளிப்பட்டது. அந்தக் கும்பலின் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையொப்பங்கள் விற்கப்படுவதை அந்த அணியின் நட்சத்திர வீரர் டோனி க்வின் கண்டறிந்து சொன்னார். அந்த அதிர்ச்சியில்தான் 2001 முதல் மேஜர் லீக் பேஸ்பால், ஒவ்வோர் ஆட்டத்திலும் சாட்சியாக ஓர் அலுவலரை அமர்த்தி, பந்து மைதானத்தை விட்டு வந்த உடனே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய பந்துக்கு அந்த ஏற்பாடு இருக்கிறது. 1867ஆம் ஆண்டுப் பந்துக்கு நாம்தான் அந்தச் சாட்சியைத் தேடிப் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து, பொருள் உண்மையானதாகவே இருந்து திருடப்பட்டதாக இருப்பது. பழைய வீரரும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவருமான ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் மனைவி 1921இல் நியூயார்க் பொது நூலகத்துக்கு அளித்த சேகரிப்பில் பேஸ்பாலின் தொடக்கக் காலக் கடிதங்களும் ஏடுகளும் இருந்தன. அவற்றில் பல 1970களில் நூலகத்திலிருந்து களவு போயின. 2009இல், பேஸ்பாலின் தொடக்கக் கால அணித்தலைவர்களில் ஒருவரான ஹாரி ரைட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் ஏலப்பட்டியலில் தோன்றியபோதுதான் புலனாய்வுத் துறை தலையிட்டது. முத்திரை சுரண்டப்பட்ட, ஓரம் வெட்டப்பட்ட, காரணமில்லாமல் ஒட்டுத்தாள் ஒட்டிய எதைக் கண்டாலும் நான் விலகிவிடுகிறேன். பந்தில் முத்திரை இருக்காது என்றாலும், பந்தோடு பழைய அட்டைக் குறிப்போ எண்ணிட்ட சீட்டோ இருந்ததா, அது கிழிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

ஆட்டத்தின் நாளும் ரன்களும் பந்தில் இருக்கின்றன அல்லவா? நியூயார்க் கிளிப்பர் இதழின் பழைய பக்கங்கள் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஆட்டக் கணக்குகளை அட்டவணையாக எழுதும் முறையை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் எழுதிய காலம் அது. கிளப் ஆட்டங்களை அவர்கள் ஒன்று விடாமல் பதிந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் நம்பிக்கையோடு தேடலாம். அந்த ஊரின் உள்ளூர் வார இதழையும் விட்டுவிடாதீர்கள்.

---

ஹட்சன்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஏல நிறுவனத்தின் முன்பார்வைக்குப் போய்வந்தேன். நீங்கள் சொன்னவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

பந்தைக் கையில் எடுத்ததும் முதலில் பட்டது அதன் எடையின்மை. உள்ளே இருந்த நூலும் ரப்பரும் காய்ந்து போயிருக்க வேண்டும். தையல் நான்கு இதழ்களாகத்தான் இருக்கிறது. சுற்றளவு ஒன்பதே முக்கால் அங்குலத்தை ஒட்டி வந்தது. பந்து ஒரு பக்கம் சப்பையாகியிருப்பதால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. வண்ணம் மின்னவில்லை. பழைய பித்தளைப் பாத்திரத்தின் அடிப்பக்கம் போலப் பழுப்பாக இருக்கிறது. தையலின் ஓரங்களில் மட்டும், கைபடாத இடங்களில், பொன்னிறம் மிஞ்சியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தபோது வெடிப்புகள் எழுத்தை அறுத்துக்கொண்டுதான் போயின. ஓரிடத்தில் ஆண்டின் 7 என்ற இலக்கத்தின் நடுவே வெடிப்பு ஓடி, மேல்பாதி கொஞ்சம் பெயர்ந்து விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் பொன்வண்ணமும் இல்லை, வெறும் தோல்தான் தெரிகிறது. மை பள்ளத்துக்குள் இறங்கியதாக எங்கும் காணவில்லை. புற ஊதா விளக்கில் நூல் ஒளிரவில்லை.

விற்பவர்கள் அந்த வீட்டின் வாரிசுகள். பந்து தாத்தாவின் மேசை இழுப்பறையில் இருந்தது, தாத்தாவுக்கு அவருடைய பாட்டனாரிடமிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

பத்திரிகைத் தேடலில்தான் ஒரு சிக்கல். அதே நாளில், அதே இரு கிளப்புகள் ஆடியதாக உள்ளூர் வார இதழில் நான்கு வரிச் செய்தி கிடைத்தது. பந்தில் 41க்கு 27 என்று இருக்கிறது. இதழில் 41க்கு 26 என்று இருக்கிறது. ஒரு ரன் வேறுபாடு. இது என் மனத்தைக் குலைத்துவிட்டது.

---

தோல்பந்து எழுதியது:

குலைய வேண்டியதில்லை. எனக்கு அது ஆறுதலாகவே படுகிறது. போலி செய்பவன் பத்திரிகையைப் பார்த்துத்தான் எழுதுவான். இதழில் 26 இருந்தால் பந்திலும் 26 என்றே எழுதுவான். பந்தில் எழுதியவர் கிளப்பின் ஸ்கோர் ஏட்டைப் பார்த்து எழுதியிருப்பார். பத்திரிகைக்கு யாரோ கடிதத்தில் எழுதி அனுப்பியதை அச்சுக்கோப்பவர் கோத்திருப்பார். அந்தக் காலத்தில் ஒரு ரன் கூடவோ குறையவோ அச்சாவது சாதாரணம். கீழிருந்து கையை வீசிப் பந்தெறிந்த நாள்களில் கிளப் ஆட்டங்களில் நாற்பது, ஐம்பது ரன் எடுப்பதும் வழக்கமே, எனவே 41 என்பதைக் கண்டு வியப்படையவும் வேண்டாம். சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸின் நீண்ட வெற்றி வரிசையை 1870 ஜூன் 14 அன்று அட்லாண்டிக் கிளப் பதினொரு இன்னிங்ஸில் 8க்கு 7 என்று முறித்தபோது, அவ்வளவு குறைந்த ரன்களே மக்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

ஆனாலும் ஒன்று. வாரிசுகள் வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த வீடு, எந்தத் தாத்தா, எந்த இழுப்பறை, யார் கண்டெடுத்தார் என்று ஒரு பக்கக் கடிதம், கையொப்பமும் தேதியும் இட்டு. அவர்கள் காலத்துக்குப் பிறகு அதை யாராலும் எழுதித் தர முடியாது.

---

மூன்றாம் தளம் எழுதியது:

இவ்வளவு உறுதியானால், இது ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய பொருளா? அருங்காட்சியகத்துக்குத்தானே போக வேண்டும்? கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் பொருள்களை விலைக்கு வாங்குவதில்லை, கொடையாகவே பெறுகிறது என்று படித்தேன். வாங்கி அவர்களுக்கே அளித்துவிடலாமே.

---

வெள்ளிமுத்திரை எழுதியது:

நல்ல மனத்தோடு சொல்கிறீர்கள். ஆனால் அருங்காட்சியகம் என்ற சொல்லே பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நியூஜெர்சியில் யாங்கீஸ் வீரர் யோகி பெர்ராவின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்டக்காரராகப் பத்து முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றவர் அவர் ஒருவரே. 2014 அக்டோபரில் ஓர் இரவு அங்கே புகுந்தவர்கள் ஒன்பது மோதிரங்களையும், மிகச் சிறந்த வீரருக்கான அவருடைய மூன்று பட்டயங்களில் இரண்டையும் எடுத்துச் சென்றார்கள். பெர்ரா அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு காலமானார். 2016இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில், ரோஜர் மாரிஸ் அருங்காட்சியகத்தில், 1961இல் 61 ஹோம் ரன் அடித்ததற்காக அவருக்குக் கிடைத்த ஹிக்கொக் இடைவாரை, ஆண்டின் சிறந்த தொழில்முறை விளையாட்டு வீரருக்கான பரிசை, கொண்டுபோனார்கள். முதலைத் தோலும் தங்கக் கொக்கியும் இரத்தினக் கற்களும் உள்ள இடைவார் அது. 2023இல் பென்சில்வேனியாவில் ஒன்பது பேர்மீது வழக்குத் தொடுத்தபோதுதான் நாட்டுக்கு முழுக்கதையும் தெரிந்தது. பெர்ராவின் மோதிரங்கள் உருக்கப்பட்டு, தங்கமாக, எடைக்கு விற்கப்பட்டிருந்தன.

அந்தச் செய்தியைப் படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மோதிரத்தை ஒருவர் திருடி ஒளித்து வைத்தால், ஐம்பது ஆண்டு கழித்தாவது வெளிவரும் என்று காத்திருக்கலாம். உருக்கியதை எங்கே போய்த் தேடுவது? முன்பு இதே இழையில் நான் எழுதியதைத்தான் திரும்பவும் எழுதுகிறேன்: தங்கமும் வெள்ளியும் இந்தப் பொருள்களுக்கு அணிகலன் அல்ல, ஆபத்து.

---

பழைய தாள் எழுதியது:

அம்மா சொல்வது உண்மை. ஆனால் சிறு அருங்காட்சியகங்களின் கதவுகளை வைத்து எல்லாவற்றையும் எடைபோடுவது சரியாகாது என்பது என் கருத்து. தனியார் கையில் இருப்பவை களவு போனால் செய்திகூட வருவதில்லை.

அருங்காட்சியகத்துக்குப் போவதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. பொருளை அறிவியல் சோதனைக்கு உட்படுத்தும் துணிவு பெரும்பாலான சேகரிப்பாளர்களுக்கு இருப்பதில்லை, ஏனென்றால் முடிவு எதிராக வந்தால் பணம் போய்விடும். கூப்பர்ஸ்டவுனில் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற புகழ்பெற்ற பழைய வீரர் 1919இல் அணிந்தது என்று ஒரு ஜெர்சி பல ஆண்டுகள் இருந்தது. அதைச் சோதித்தபோது, 1941க்கு முன் கிடைத்திராத செயற்கைப் பொருள் அதன் சின்னத்தில் கலந்திருப்பது தெரிந்தது. அவர்கள் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஒரு தனிநபர் அவ்வாறு சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

இருந்தாலும் அங்கே ஏறத்தாழ 40,000 பொருள்கள் இருக்கின்றன. காட்சிக்கு வருவது அதில் ஒரு சிறு பங்கு. ஒரு சிற்றூர்க் கிளப்பின் பந்து அந்த ஊரின் வரலாற்றுக் கழகத்தில் இருந்தால், அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தெருப்பெயர்களை அந்தச் செய்தியில் கண்டுகொள்வார்கள். ஹட்சன்கரை அவர்கள் சில ஆண்டு வைத்திருந்து, ஆய்ந்து, பிறகு அங்கே அளித்தால் நான் மகிழ்வேன். முடிவு அவருடையது.

---

தோல்பந்து எழுதியது:

வாங்கினால் வைக்கும் முறை குறித்து ஒரு சொல். வெயில் படக் கூடாது; வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்கக் கூடாது; நிலவறையும் பரணும் வேண்டாம். பந்தைச் சப்பைப் பக்கம் கீழாக, அமிலமற்ற தாளால் செய்த வளையத்தில் உட்கார வையுங்கள். பெயர்ந்த வண்ணத்தை ஒட்டவோ, தோலுக்கு எண்ணெய் தடவவோ முயலாதீர்கள்.

---

ஹட்சன்கரை எழுதியது:

ஏலம் சனிக்கிழமை முடிந்தது. நான் வைத்திருந்த வரம்பைத் தாண்டிப் போய்விட்டது. தொலைபேசி வழியாகக் கேட்டவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். யாரென்று நிறுவனம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

வருத்தம் இருக்கிறது. ஆனால் கடைசி ஐந்து நிமிடங்களில் வரம்பை உயர்த்தலாமா என்று கை துடித்தபோது, பழைய தாள் ஐயா எழுதியதை நினைத்துக்கொண்டேன். வைத்திருக்கும் எண்ணம் எனக்கு இருந்தது, ஆனால் அந்தத் தொகையைக் கொடுத்திருந்தால், இரண்டு ஆண்டுகளில் விற்கும் நிலைக்கு வந்திருப்பேன்.

வாரிசுகளில் மூத்தவர் ஏலத்துக்கு வந்திருந்தார். கடிதம் எழுதித் தரக் கேட்டேன். நான் வாங்கவில்லை என்று தெரிந்த பிறகும் மறுக்கவில்லை. அங்கேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையொப்பமிட்டார். இழுப்பறை எது, அது எந்த அறையில் இருந்தது, பந்தை எந்தத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள் என்பதுவரை இருக்கிறது. சிறுவயதில் அதைத் தொட்டு அடிவாங்கியதையும் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தையும், வார இதழின் நான்கு வரிச் செய்தியின் அச்சுப்படியையும், 26, 27 வேறுபாட்டைப் பற்றி நான் எழுதிய குறிப்பையும், முன்பார்வையில் எடுத்த படங்களையும் ஓர் உறையில் வைத்து ஏல நிறுவனத்துக்கு அனுப்பினேன். வாங்கியவரிடம் பந்தோடு சேர்த்து அனுப்பிவிட்டதாக இன்று காலை பதில் வந்தது.

அந்த உள்ளூர் இதழில் 1868க்கான பக்கங்களை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். அதே கிளப் அந்தக் கோடையில் இன்னும் ஆறு ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. நான்கில் வென்றிருக்கிறது.